பாலை வழியில் பூத்த முருங்கை
(இலையும் பொடியும்: ஒரு வரலாற்று நோக்கு)

கோடை விடுமுறை முடிந்து தமிழகத்திலிருந்து தில்லிக்குத் திரும்பும் குடும்பங்களின் பெட்டிகளைத் திறந்து பார்த்தால், அவற்றுள் ஒரு சமையலறையே அடங்கியிருப்பதைக் காணலாம். அப்பளக் கட்டு, வடகம், சுண்டைக்காய் வற்றல், மாவடு, நல்லெண்ணெய் ஆகியவை நெடுங்காலமாக நம்மோடு இரயிலேறி வருபவை. அண்மைக் காலத்தில் அவற்றோடு இன்னொரு பொருளும் சேர்ந்திருக்கிறது. பச்சை நிறமும் புல்லின் மணமும் கொண்ட அப்பொருள் முருங்கை இலைப் பொடி. ஊரில் பாட்டி நிழலில் உலர்த்தி இடித்துத் தந்ததாகவும் இருக்கலாம்; அழகிய உறையிட்டுக் கடையில் விற்பதாகவும் இருக்கலாம். வீட்டுக் கொல்லையில் கேட்பாரற்று நின்ற மரத்தின் இலை, இன்று எடை போட்டு விலை சொல்லப்படும் மருந்தாக மாறியிருக்கிறது.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? இப்பொடியின் மெய்யான குணம் யாது? அது எதைத் தரும், எதைத் தராது? தாயகம் விட்டு வந்து வாழும் நமக்கும் இம்மரத்திற்கும் உள்ள உறவு என்ன? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாலைத் திணையின் மரம்

முருங்கை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது கிணற்றடியும் கொல்லைப்புறமும் ஆகும். ஆனால் சங்க இலக்கியத்தில் அது வீட்டு மரமாகத் தோன்றவில்லை. வழியோர மரமாகத் தோன்றுகிறது. அதுவும் தண்ணீரற்ற பாலை வழியில்.

அகநானூற்றின் நானூறு பாடல்களுள் சரிபாதியான இருநூறு பாடல்கள் பாலைத் திணைக்கு உரியவை. ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் யாவும் பாலையே என்பது அந்நூலைத் தொகுத்தோர் வகுத்த முறை. பாலையின் உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடிப் பிரிந்து செல்லும் தலைவனும், அவன் சென்ற வழியை எண்ணி ஆற்றாது வருந்தும் தலைவியும் அப்பாடல்களில் நிறைந்துள்ளனர். கடவுள் வாழ்த்தை அடுத்து முதற்பாடலாக நிற்பது மாமூலனார் பாடியது. அரக்கோடு சேர்த்து இறுக்கிய சாணைக்கல்லைப் போலப் பிரியாது இருப்போம் என்று சொன்னவர், அச்சொல்லை மறந்து, தொலைநாட்டுச் செல்வம் கொண்டுவரப் போய்விட்டாரே எனத் தலைவி தோழியிடம் கூறுகிறாள். அவர் கடந்து செல்லும் வறண்ட காட்டில் நிற்கும் மரம் முருங்கை. அதன் வெண்பூக்கள் கடுங்காற்றில் சிதறிப் பறப்பது, கரையில் மோதி உடையும் அலையின் நீர்த்திவலை போன்றிருக்கிறது என்பது புலவர் காட்டும் காட்சி. நீரே இல்லாத இடத்தில் கடலை நினைவூட்டும் மரம் அது.

அம்மரத்திற்கு நார் இல்லை என்னும் குறிப்பும் அப்பாடலில் உள்ளது. முருங்கைக் கிளையில் ஏறியவர் எவரும் இதன் உண்மையை அறிவர். காற்றடித்தால் ஒடியும் மரம் அது. முருங்குதல் என்னும் சொல்லுக்கு முறிதல், அழிதல் என்னும் பொருள்கள் உண்டு. ‘முருங்கை பருத்தால் தூணாகுமா?’ என்னும் பழமொழியும் இதையே கூறுகிறது. ஆனால் ஒடிந்த இடத்திலேயே அது மீண்டும் தழைக்கும். ஒடிந்த கிளையை மண்ணில் நட்டால் அதுவும் மரமாகும்.

அதே பாடலில் நெடுவேள் ஆவி என்பவனுக்கு உரிய பொதினி என்னும் ஊரும் வருகிறது. பொதினி இன்றைய பழனியே என்பது அறிஞர் கருத்து. பழனிக்கு அண்மையில் உள்ள ஒட்டன்சத்திரம் இன்று பெரிய காய்கறிச் சந்தையாக விளங்குகிறது. அச்சந்தைக்கு வரும் காய்களுள் முருங்கை குறிப்பிடத்தக்கது. பொருள் தேடிச் சென்றவன் பிரிவைப் பாடிய அதே பாட்டில் பொதினியும் முருங்கையும் இடம்பெற்றிருப்பதும், இன்று அந்நிலப் பகுதியிலிருந்தே முருங்கை நம்மைத் தேடி வடக்கே வருவதும் எண்ணி மகிழத்தக்கன.

பிறந்தது வடக்கில், பெயர் பெற்றது தெற்கில்

இங்கே ஒரு வியப்பான செய்தியைக் கூற வேண்டும். நாம் வீட்டில் வளர்க்கும் முருங்கையின் பிறப்பிடம் இமயமலையின் அடிவாரத்தை ஒட்டிய வடமேற்கு இந்தியப் பகுதி என்பது தாவர நூலார் முடிவு. கொங்கணக் கரையின் பெயரைத் தாங்கிய காட்டு முருங்கை இனமொன்று தென்னாட்டின் வறண்ட குன்றுகளிலும் இயல்பாக வளர்கிறது. ஆனால் நாம் கறி சமைக்கும் முருங்கை வடபுலத்து மரமே ஆகும். சரகர், சுசுருதர் ஆகியோர் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூல்களில் அது சிக்ரு என்றும் சோபாஞ்சனம் என்றும் பேசப்படுகிறது. சோபாஞ்சனம் என்னும் சொல்லே திரிந்து இந்தியில் சஹஜன் என்றும் வங்காளத்தில் சஜ்னே என்றும் வழங்குகிறது.

ஆகவே தில்லியில் வாழும் நாம் முருங்கையின் நாட்டை விட்டு வந்தவர்கள் அல்லர். அது பிறந்த திசைக்கே வந்திருப்பவர்கள். தெற்கே சென்று தமிழர் வாழ்வில் கலந்தது அம்மரம்; வடக்கே வந்து அதன் பிறந்தகத்தில் குடியேறியவர்கள் நாம்.

பிறந்தது வடக்கில் எனினும், உலகம் அதற்கு வழங்கும் பெயர் தெற்கிலிருந்து சென்றதாகும். கடல் வழியே வந்த ஐரோப்பியர் முதலில் கண்டது நம் மேற்குக் கரையை. மலபாரில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு என்பவர், இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியர் முதலானோர் துணையுடன் அந்நிலத்துச் செடிகொடிகளைத் தொகுத்து, ‘ஹோர்த்துஸ் மலபாரிகஸ்’ என்னும் பன்னிரண்டு தொகுதிகள் கொண்ட பெருநூலை உருவாக்கினார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சான அந்நூலில் முருங்கை தன் தென்னாட்டுப் பெயரோடு படமாக இடம்பெற்றது. அதன்பின் சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் இம்மரத்தின் சிறப்புப் பெயராக ‘மொரிங்கா’ என்பதைச் சேர்த்தார். பிரெஞ்சு நாட்டு லாமார்க் 1785இல் இட்ட ‘மொரிங்கா ஒலைஃபெரா’ என்னும் பெயரே இன்றும் நிலைத்துள்ளது. ஒலைஃபெரா என்றால் எண்ணெய் தருவது என்று பொருள்; விதையில் எடுக்கும் எண்ணெயைக் கருதி வைத்த பெயர் அது. இலையைக் கருதி அவர்கள் பெயரிடவில்லை.

ஆங்கிலேயரும் இலையை மதித்தாரில்லை. அவர்கள் வேரைத் தோண்டி, தம் நாட்டில் மாட்டிறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளும் காரக் கிழங்கிற்கு மாற்றாகப் பயன்படுத்தினர். மரத்திற்கும் அக்கிழங்கின் பெயரையே சூட்டினர். காயைக் கண்டபோது மத்தளம் அடிக்கும் கோல் நினைவுக்கு வந்ததால் அதற்கு அப்பெயரை இட்டனர். 1983இல் வெளிவந்த ‘முந்தானை முடிச்சு’ திரைப்படத்திற்குப் பின் நம்மவரிடையே காய்க்கு ஒரு நகைச்சுவைப் புகழும் சேர்ந்தது. ஆனால் ஆண்டு முழுவதும் ஏழை எளியோர் வயிற்றை நிறைத்தது காயன்று, கீரையே.

கைக்கொம்பாய்ச் சென்ற மரம்

முருங்கையை விதையாலும் வளர்க்கலாம், கிளையாலும் வளர்க்கலாம். கை நீளக் கிளை ஒன்றை வெட்டி, ஓரிரு நாள் நிழலில் வைத்து நட்டால் போதும். இதனால் குடிபெயர்வோர் தம்முடன் எடுத்துச் செல்வதற்கு இதைவிட எளிய மரம் வேறில்லை. ‘முருங்கை நட்டவன் வெறுங்கையோடு நடப்பான்’ என்னும் பழமொழி, அதன் கீரையை உண்டவன் முதுமையிலும் கோலூன்றாமல் நடப்பான் என்று நம் முன்னோரால் விளக்கப்பட்டது.

இம்மரம் வழங்கும் நாடுகளில் அதன் பெயரைக் கேட்டால் நம் செவிக்கு அயலாக இராது. சிங்களத்தில் முருங்கா, மலாய் மொழியில் மெருங்கை, பிலிப்பைன்சில் மலுங்கை, இந்துமாக் கடலில் உள்ள ரெயூனியன் தீவின் பேச்சில் முருங் என வழங்குகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கும் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்கும் கூலிகளாய்ச் சென்ற நம் மக்கள், குடியிருப்பு வரிசைகளின் பின்னே இம்மரத்தை வைத்து வளர்த்தனர். கூலியில் அரிசி வாங்கலாம். கீரைக்குக் காசு தேவையில்லை என்னும் நிலை அவர்களுக்குப் பெரிய ஆறுதலாய் இருந்திருக்கும்.

யாழ்ப்பாணத்திலோ முருங்கை தனிச் சிறப்புடன் வளர்ந்தது. நீண்ட காய் தரும் யாழ்ப்பாண முருங்கையும் சாவகச்சேரி முருங்கையும் தமிழகத்து உழவரும் விரும்பி நடும் வகைகளாயின. செம்முருங்கை, பால் முருங்கை, புன முருங்கை, கொடிக்கால் முருங்கை என நம் உழவர் வேறுபடுத்தி அறிந்த வகைகள் இன்னும் பல. மூலனூர், அரவக்குறிச்சி, சாத்தான்குளம் போன்ற வறண்ட பகுதிகளில் முருங்கை உழவர் வாழ்வுக்கே ஆதாரமானது. 1989இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கையை வெளியிட்டது. விதைத்த ஆறு மாதத்திற்குள் பூத்து, ஓராண்டிற்குள் பலன் தரும் அவ்வகை, பின்னர் ஆப்பிரிக்க நாடுகள் வரை சென்றது. முன்பு கிளையாய்ச் சென்றது இப்போது விதையாய்ச் சென்றது.

வீட்டுக் கீரை

பொடியைப் பற்றிப் பேசுமுன் கீரையைச் சற்று நினைத்துக்கொள்வோம். கொத்தோடு ஒடித்த கீரையை இரவு துணியில் சுற்றி வைத்தால் காலையில் இலைகள் தாமே உதிர்ந்துவிடும், எஞ்சியதை உருவிக்கொள்ளலாம். உருவிய ஈர்க்கையும் நம் பெண்கள் வீணாக்கினாரில்லை; அதைத் தட்டிப் போட்டு ரசம் வைத்தனர். கேழ்வரகு மாவோடு பிசைந்து அடை தட்டினர். துவரம்பருப்போடு சேர்த்துப் பொரியல் செய்தனர். ஆடி மாதத்து அம்மன் கூழுக்கு முருங்கைக் கீரை துணை நின்றது. வெண்ணெய் காய்ச்சும்போது நெய் பதமாகும் தறுவாயில் ஒரு கொத்து இலையைப் போடுவது நம் வழக்கம். நெய்யின் மணம் கெடாமல் இருக்க அது உதவும். நெய்யில் பொரிந்த அவ்விலைக்காகக் குழந்தைகள் அடுப்படியில் காத்து நின்றதும் உண்டு.

உணவுப் பொருள்களின் குணங்களைத் தொகுத்துரைக்கும் ‘பதார்த்த குண சிந்தாமணி’ போன்ற நூல்கள் கீரைகளை மருந்தின் கண்ணோடு நோக்கின. உணவே மருந்து என்னும் நம் மரபில், முருங்கை மருந்துக் கடையில் அன்றி அடுக்களையிலேயே தன் பணியைச் செய்தது.

குன்னூரில் தொடங்கிய கணக்கு

நம் பாட்டிமார் நாவாலும் அனுபவத்தாலும் அறிந்ததை எண்ணால் அளக்கும் முயற்சியும் தமிழ் மண்ணிலேயே தொடங்கியது. நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் மெக்காரிசன் என்னும் மருத்துவர் தொடங்கிய ஆய்வு, நாளடைவில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, இந்திய உணவுகளில் உள்ள சத்துகளை அட்டவணைப்படுத்தி 1937இல் சிறு நூலாக வெளியிட்டார். 1958இல் அக்கூடம் ஐதராபாத்திற்கு மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. கோபாலன் முதலிய மூவர் 1971இல் விரிவாக்கி வெளியிட்ட அட்டவணை நூல், மருத்துவரும் மாணவரும் கைக்கொண்ட நூலாயிற்று.

அவ்வட்டவணையின்படி 100 கிராம் பச்சை முருங்கைக் கீரையில் ஏறத்தாழ 76 கிராம் நீர். எஞ்சியதில் புரதம் 6.7 கிராம், சுண்ணாம்புச் சத்து 440 மில்லிகிராம், உயிர்ச்சத்து ‘சி’ 220 மில்லிகிராம், கண்ணுக்கு ஒளி தரும் உயிர்ச்சத்து ‘ஏ’யாக மாறவல்ல கரோட்டின் 6,780 மைக்ரோகிராம். கீரைகளுள் இவ்வளவு செறிந்தவை சிலவே.

எண்களையும் வேதவாக்காகக் கொள்ளலாகாது. முற்பட்ட அட்டவணையில் 7 மில்லிகிராம் என இருந்த இரும்புச்சத்து, பிந்தைய திருத்தத்தில் ஒரு மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியது. 2017இல் அதே நிறுவனம் வெளியிட்ட புதிய அட்டவணையில் அது நான்கரை மில்லிகிராம் அளவில் நிற்கிறது. சுண்ணாம்புச் சத்து 314, உயிர்ச்சத்து ‘சி’ 108 எனக் குறைந்துள்ளன. மண், இலையின் முதிர்ச்சி, பருவம், அளக்கும் முறை ஆகியவற்றிற்கேற்ப எண் மாறும். எந்த எண்ணைக் கொண்டாலும் முருங்கை நல்ல கீரை என்னும் முடிவு மாறாது. ஆனால் விளம்பரங்களின் உறுதிப்பேச்சு சற்றுத் தளரும்.

கடல் கடந்து திரும்பிய எண்கள்

இலையைப் பொடியாக்குவது நமக்குப் புதிதன்று. கறிவேப்பிலைப் பொடியைப் போல முருங்கை இலையையும் உளுத்தம்பருப்பு, மிளகாய், பூண்டு, புளி சேர்த்து வறுத்து இடித்து, சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து உண்பது சில வீடுகளின் வழக்கம். ஆனால் தனி இலையைப் பொடித்து ஊட்டச்சத்து மருந்தாகக் கொள்ளும் இன்றைய முறைக்கு உலகப் புகழ் கிடைத்தது ஆப்பிரிக்காவிலிருந்து.

1990களின் பிற்பகுதியில், செனகல் நாட்டில் கிறித்துவத் தொண்டு நிறுவனம் ஒன்றின் சார்பில் பணியாற்றிய லோவல் ஃபூக்லி என்பவர், அந்நாட்டின் தென்மேற்குப் பகுதியில் கருவுற்ற பெண்களுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், மெலிந்த குழந்தைகளுக்கும் முருங்கை இலைப் பொடியை உணவோடு சேர்த்துக் கொடுக்கும் முயற்சியை முன்னின்று நடத்தினார். ஆண்டின் வறண்ட மாதங்களில் வயல்களில் ஒன்றும் இராத காலத்திலும் முருங்கை தழைத்து நிற்கும். குளிர்ப்பெட்டி இல்லாத சிற்றூரில் பொடி பல மாதம் கெடாமல் இருக்கும். இவ்விரு காரணங்களால் பொடி அங்கே தக்க விடையாயிற்று. 1999இல் அவர் வெளியிட்ட நூல் முருங்கையை ‘அற்புத மரம்’ என்று அழைத்தது. அப்பெயர் உலகெங்கும் பரவியது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்நூலோடு பரவிய அட்டவணையில் பச்சை இலைக்குக் காட்டப்படும் எண்கள், ஐதராபாத் அட்டவணையில் நாம் மேலே கண்ட அதே எண்கள். ஆரஞ்சைப் போல ஏழு மடங்கு உயிர்ச்சத்து ‘சி’, பாலைப் போல நான்கு மடங்கு சுண்ணாம்புச் சத்து என்னும் புகழ்பெற்ற ஒப்பீடும் அவற்றோடு பொருந்துகிறது. இந்திய அட்டவணையில் ஆரஞ்சுக்கு 30, பாலுக்கு 120 என்னும் எண்களைக் கொண்டு வகுத்துப் பார்த்தால் இது விளங்கும். குன்னூரில் தொடங்கிய கணக்கு ஐதராபாத் வழியே ஆப்பிரிக்கா சென்று, அங்கிருந்து பொடிப் பொட்டலத்தின் மேல் அச்சாகி நம்மிடமே திரும்பியிருக்கிறது. மரத்தைப் போலவே எண்ணும் குடிபெயர்ந்து திரும்பியது எனலாம்.

இப்புகழின் பயனாய்த் தமிழகத்து முருங்கை இலைக்கு வெளிநாட்டுச் சந்தையும் ஏற்பட்டது. 2021இல் தமிழக அரசு தன் முதல் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், தேனி, திண்டுக்கல், கரூர், தூத்துக்குடி உள்ளிட்ட மாவட்டங்களைக் கொண்டு முருங்கை ஏற்றுமதி மண்டலம் ஒன்றை அறிவித்தது.

பொடி தருவதும் தராததும்

இனி நம் வீட்டுக் கணக்கிற்கு வருவோம். நான்கு பங்கு பச்சை இலை உலர்ந்து ஏறத்தாழ ஒரு பங்கு பொடியாகிறது. நீர் நீங்குவதால் மற்ற சத்துகள் செறிகின்றன. ஃபூக்லியின் அட்டவணையின்படி 100 கிராம் பொடியில் புரதம் 27 கிராம், சுண்ணாம்புச் சத்து 2,003 மில்லிகிராம். இதைக் கொண்டே பாலைப் போலப் பதினேழு மடங்கு என்று விளம்பரம் பேசுகிறது.

ஆனால் 100 கிராம் பொடியை யார் உண்பர்? நாம் சேர்ப்பது ஒரு தேக்கரண்டி. எடையில் ஏறத்தாழ 3 கிராம். அதில் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து 60 மில்லிகிராம். ஒரு தம்ளர் பாலில், அதாவது 200 மில்லியில், 240 மில்லிகிராம் உள்ளது. எனவே குழந்தைக்குப் பாலை நிறுத்திவிட்டுப் பொடியைக் கொடுப்பது அறியாமை. அதே தேக்கரண்டியில் உள்ள புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. பருப்பின் இடத்தைப் பொடி பிடிக்காது.

உயிர்ச்சத்து ‘சி’ பற்றிய செய்தி இன்னும் முக்கியமானது. அது வெப்பத்திற்கும் காற்றிற்கும் ஆற்றாதது. அதே அட்டவணையில் பொடிக்குக் காட்டப்படும் அளவு 17.3 மில்லிகிராம் மட்டுமே. நான்கு பங்கு இலை ஒரு பங்காகும் கணக்கில் பார்த்தால், இலையில் இருந்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு உலர்த்துவதிலேயே அழிந்துவிடுகிறது. ஆகவே ஆரஞ்சைப் போல ஏழு மடங்கு என்னும் பெருமை பச்சை இலைக்கு உரியதேயன்றிப் பொடிக்கு உரியதன்று. பொடிப் பொட்டலத்தின் மேல் அவ்வாறு அச்சிட்டிருப்பின் அது பிழை.

இரும்புச்சத்தைப் பொறுத்தவரையும் எச்சரிக்கை தேவை. இலையில் உள்ள இரும்பை உடல் ஓரளவே ஏற்றுக்கொள்ளும். எலுமிச்சைச் சாறு சேர்த்தால் ஏற்பது கூடும். உண்டவுடன் காப்பியோ தேநீரோ அருந்தினால் குறையும். நாம் அறிந்த ஒரு குடும்பத்தில், கல்லூரியில் பயிலும் மகளுக்கு இரத்தச் சோகை எனக் கூறி மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெற்றோர் மாத்திரை சூடு எனக் கருதி, அதை விட்டுவிட்டு நாள்தோறும் முருங்கைப் பொடிக் கஞ்சி கொடுத்தனர். ஐந்து மாதம் சென்றும் அப்பெண்ணின் சோர்வு நீங்கவில்லை. படியேறினால் மூச்சு வாங்கியது. பின்னர் மாத்திரையையும் கீரையையும் சேர்த்தே கொடுத்து உடல் தேறியது. அன்பினால் செய்ததுதான், ஊர்ப் பொருள் என்னும் நம்பிக்கையினால் செய்ததுதான். எனினும் அப்பிள்ளை ஐந்து மாதம் வாடியது. ஊரின் மேல் நாம் கொண்ட ஏக்கத்தை மருந்தாக எண்ணிவிடக் கூடாது என்பதை அன்று உணர்ந்தோம். நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்திற்கோ மருந்து உண்போரும் நாள்தோறும் பொடி உண்ணத் தொடங்குமுன் தம் மருத்துவரைக் கேட்பது நலம். வேரையும் வேர்ப்பட்டையையும் வீட்டு வைத்தியமாகக் கொள்ளுதல் கூடாது. கருவுற்ற பெண்கள் அவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

இவ்வாறெல்லாம் கூறுவதால் பொடி பயனற்றது என்று கொள்ளற்க. கரோட்டின், சுண்ணாம்புச் சத்து, நார்ச்சத்து ஆகியவற்றை எளிதில் சேர்த்துக்கொள்ள அது நல்ல துணை. கீரையே கிடைக்காத நாளில் கீரையின் ஒரு பங்கை அது தருகிறது. தோசை மாவிலும், அடையிலும், பருப்பிலும், சப்பாத்தி மாவிலும் கலந்தால் கீரை என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகளும் உண்பர். கறி முருங்கையின் மாற்றாக அன்றி, அதன் தூதனாகப் பொடியைக் கொள்ளலாம்.

நம் வீட்டிலேயே ஒரு பொடி

கடையில் வாங்கும்போது நிறத்தைப் பார்க்க வேண்டும். நல்ல பொடி பசும்புல் நிறத்தில் இருக்கும். பழுப்பேறியிருப்பின் வெயிலில் காய்ந்ததாகவோ நாட்பட்டதாகவோ இருக்கும். சிறிதளவைத் தண்ணீரில் இட்டுக் கலக்கி வைத்தால் மண் இருப்பின் அடியில் படியும். ஒருமுறை நாம் அதிக விலை கொடுத்து வாங்கிய பொட்டலத்தில் இவ்விரு குறைகளும் இருக்கக் கண்டோம். அதன்பின் நாமே செய்வது என முடிவு செய்தோம்.

தில்லியில் அதற்குத் தடை ஏதுமில்லை. அரசுக் குடியிருப்புகளின் பின்புறங்களிலும், பூங்காக்களின் ஓரத்திலும், பழைய குடியிருப்புகளின் முற்றங்களிலும் சஹஜன் மரங்கள் நிற்கின்றன. குளிர் கழிந்து மாசி, பங்குனியில் பூக்கின்றன. இந்நகரத்தார் பூவையும் காயையும் கறி சமைக்கின்றனர். வங்காளத்து அன்பர்கள் பூவைத் தேடி வருகின்றனர். இலையைப் பெரும்பாலோர் தீண்டுவதில்லை. அதே மரத்தடியைக் கடந்து சென்று, ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த பொடியை நாம் விலைக்கு வாங்குகிறோம்.

குளிர்காலத்தில் இங்கே மரம் இலை உதிர்க்கும். அதற்குமுன், மழை ஓய்ந்து ஈரப்பதம் குறையும் ஐப்பசி மாதமே பொடி செய்ய ஏற்ற காலம். போக்குவரத்துப் புகை படியாத உள்முற்றத்து மரத்தைத் தேர்ந்து, உரியவரிடம் கேட்டு, முற்றாத இலைகளை ஒடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று முறை நன்கு அலசி, நீர் வடித்து, ஈர்க்கு நீக்கி, வெள்ளைத் துணியில் மெல்லிய படலமாகப் பரப்பி, காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் கூடாது, ஒளி பட்டால் கரோட்டின் குறையும். நாள்தோறும் புரட்டிவிட்டால் மூன்று நான்கு நாளில் இலை கையில் நொறுங்கும் பதம் வரும். அப்போது பொடித்துச் சலித்து, ஈரமற்ற, ஒளி புகாத, காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டும். ஆறு மாதத்திற்குள் பயன்படுத்துவது நன்று; அதற்குள் மரமும் மீண்டும் தழைத்துவிடும். சமைத்து இறக்கியபின் பொடியைத் தூவி, எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். இலை கிடைக்கும் மாதங்களில் கீரை, இல்லாத மாதங்களில் பொடி என்பதே நாம் கைக்கொள்ளத்தக்க முறை.

இதில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். நம் பிள்ளைகளுள் பலர் முருங்கையைப் பொட்டலத்துப் படத்தில் மட்டும் கண்டவர்கள். பள்ளிக்குப் போகும் வழியில் நிற்கும் சஹஜன் மரமும் பாட்டி வீட்டு முருங்கையும் ஒன்றே என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சென்ற ஐப்பசியில் எம் இல்லத்தில் கீரை உருவும்போது, பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மூதாட்டி வந்து, இந்த இலையைக்கூட உண்பீர்களா என வியந்தார். எம் பேத்தி அவருக்கு இந்தியில் விளக்கினாள். விளக்கி முடித்தபின் எம்மிடம் திரும்பி, “அப்படியென்றால் இது நம் ஊர் மரமா, இவர்கள் ஊர் மரமா, தாத்தா?” என்று கேட்டாள். இரண்டும்தான் என்றோம்.

மாமூலனார் பாடலில் பொருள் தேடிச் சென்றவன் வழியில் முருங்கை பூத்து நின்றது. பொருள் தேடி வந்து இந்நகரில் நிலைத்துவிட்ட நம் வழியிலும் அது நிற்கிறது. ஊரிலிருந்து வரும் பொடியை அன்போடு வாங்கிக்கொள்வோம். அதன் அளவறிந்து பயன்படுத்துவோம். அத்தோடு, தெருமுனையில் நிற்கும் மரத்தையும் நிமிர்ந்து பார்ப்போம். இடமுள்ளோர் இவ்வாண்டு மழைக்காலத்தில் ஒரு கிளை நடுவோமாக.